கொதிக்க விடாத மூடி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குச் செல்லும் பழைய சாலை புக்கிட் புத்துஸ் கணவாயில் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜெலெபு மாவட்டத்துக்குச் செல்லும் சாலையோ புக்கிட் தங்கா ஏற்றத்தைக் கடந்தாக வேண்டும். இத்தகைய சாலைகளில் ஒரு கார் ஆள்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது, அதன் என்ஜின் சமதரையில் எரிப்பதைவிட மிகுதியான பெட்ரோலை எரிக்கிறது, ஆனால் வேகம் குறைந்துவிடுவதால் முன்புறக் கம்பித்தட்டி வழியாக நுழையும் காற்று குறைகிறது. வெப்பம் கூடுதலாகப் பிறந்து, அதை ஏற்றுச் செல்லும் காற்று குறைவாகக் கிடைக்கும் இந்த வேளையில்தான் காரின் குளிர்விப்பு அமைப்பு முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் கார் தேறுமா, நடுச்சாலையில் ஆவி கக்கி நிற்குமா என்பதை, பல நேரங்களில், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக மூடி முடிவு செய்கிறது.

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரங்களைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேற, மீதமுள்ள பங்கு சிலிண்டர் சுவர்களிலும் அவற்றின் மேலமர்ந்த சிலிண்டர் ஹெட்டிலும் வெப்பமாக இறங்குகிறது. ஆகவே மேட்டில் ஏறும் ஒரு சிறு கார் 30 கிலோவாட் திறனை வெளிப்படுத்துகிறதென்றால், அதே அளவு வெப்பத்தை நொடிதோறும் உலோகத்திலிருந்து அகற்றியாக வேண்டும். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் தேவைப்படுவதால், என்ஜினுக்குள் நுழைந்து வெளியேறும் நீரின் வெப்பநிலை 7 பாகை மட்டுமே உயர வேண்டுமானால், பம்பு நொடிக்கு ஒரு லிட்டர் நீரைத் தள்ள வேண்டியிருக்கும். ஐந்தாறு லிட்டர் மட்டுமே கொள்ளும் அமைப்பில், ஒவ்வொரு துளி நீரும் சில நொடிகளுக்கு ஒருமுறை என்ஜினையும் ரேடியேட்டரையும் சுற்றி வந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

தொடக்கக்காலக் கார்களில் இப்படிச் சுற்றி வரும் ஏற்பாடு இருந்ததில்லை. கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற வண்டியில் நீர் கொதித்து ஆவியாவதுதான் குளிர்விப்பு. ஆவியான நீரை மீண்டும் மீண்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் 1888இல் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்ற புகழ்பெற்ற பயணத்தில், வழிநெடுகத் தண்ணீர் தேடி நிற்க வேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மெர்சிடிஸ் காரில் வில்ஹெல்ம் மைபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர்தான் இந்த நிலையை மாற்றியது. ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் வழியே காற்று பாய, குறைந்த நீரைக்கொண்டே வெப்பத்தை விரைவாக வெளியேற்ற முடிந்தது. 1908இல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நீர்ப் பம்பே கிடையாது. சூடான நீர் எடை குறைந்து மேலெழவும் குளிர்ந்த நீர் கீழிறங்கவும், அந்த அசைவே நீரைச் சுழற்றியது. அந்தக் கார்களின் டயர்களுக்காகத்தான் நெகிரி செம்பிலானின் காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரத் தோட்டங்களாயின, தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறி வந்து அந்தத் தோட்டங்களில் மரம் சீவிப் பால் எடுத்தார்கள் என்பதையும் இந்த வரலாற்றிலிருந்து பிரித்துவிட முடியாது.

ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது, அதற்குள் ஓடும் நீருக்கும் அதன்மீது வீசும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 95 பாகையில் இருக்கும்போது, 15 பாகைக் காற்று வீசும் ஐரோப்பிய நகரில் அந்த வேறுபாடு 80 பாகை. பிற்பகலில் 33 பாகையைத் தொடும் சிரம்பானில் அது 62 பாகை. அதே ரேடியேட்டர், அதே வேகம் என்றாலும் வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. போதாததற்கு, ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கான் கண்டென்சர் பொருத்தப்பட்டிருக்கிறது. அது தன் வெப்பத்தை ஏற்றிய பிறகே காற்று ரேடியேட்டரை வந்தடைகிறது. வெப்பமண்டலத்தில் ஓடும் கார் எப்போதும் எல்லைக்கு அருகில்தான் ஓடுகிறது. எனவே இங்கே நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கத் தொடங்கும் என்ற கேள்வி வேறு எந்த இடத்தையும்விட முக்கியமானது.

நீர் 100 பாகையில் கொதிக்கும் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். நீருக்குள் தோன்றும் ஆவிக்குமிழ், சுற்றியுள்ள அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு விரிந்தால்தான் கொதிப்பு நிகழும். அழுத்தம் கூடினால் அதற்கேற்ப வெப்பமும் கூட வேண்டும். சமையலறையின் பிரஷர் குக்கரில் பருப்பு விரைவில் வேவதும் இதே விதியால்தான், எனினும் அங்கே சூட்டைக் கூட்டுவது நோக்கம், காரிலோ கொதிப்பைத் தள்ளிப்போடுவது நோக்கம். அந்த அழுத்தத்தைப் பிடித்துவைப்பது ரேடியேட்டரின் மூடி. ஜப்பானிய வடிவமைப்பின் வழிவந்த கார்களின் ரேடியேட்டர் மூடிகளில் பொதுவாக 0.9 அல்லது 1.1 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1985இல் மிட்சுபிஷி அடிப்படையில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், 1994இல் டைஹாட்சு அடிப்படையில் வந்த பெரோடுவா கஞ்சிலும் இந்த மரபைச் சேர்ந்தவை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் விசை, அதாவது 88 கிலோபாஸ்கல் அளவுக்கு வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தை அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் என்பது அந்த எண்ணின் பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. நீரோடு கூலண்ட் திரவம் சரிபாதியாகக் கலந்திருந்தால் அந்த எல்லை 125 பாகைக்கும் மேலே போகிறது.

இந்தப் பதினெட்டு பாகை கூடுதலின் பயன் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ரேடியேட்டரில் உள்ள நீர் 95 பாகையில் அமைதியாக இருக்கும்போதே, சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய உலோகச் சுவர் அதைவிட மிகக் கடுமையான வெப்பத்துக்கு ஆளாகிறது. அங்கே அழுத்தம் போதாவிட்டால் சிறு குமிழ்கள் ஒன்றுசேர்ந்து ஆவிப்படலமாகிவிடும். நீர் உலோகத்தைத் தொட முடியாமல் போக, அந்த ஓரிடம் மட்டும் கட்டுமீறிச் சூடேறும். பம்பின் இறக்கைகளுக்குப் பின்னால் அழுத்தம் தாழும் இடத்திலும் இதே போலக் குமிழ்கள் தோன்றி உடைந்து, நாளடைவில் இறக்கையின் உலோகத்தையே அரித்துவிடுகின்றன. மூடி தரும் அழுத்தம் இவ்விரண்டையும் அடக்கி வைக்கிறது.

மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். மேலே ரேடியேட்டரின் கழுத்து விளிம்பில் அமரும் ஒரு தட்டு. அதன்கீழ் வலுவான சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் அடியில், கழுத்தின் உட்படியில் அழுந்தி உட்காரும் ரப்பர் வளையம். உள்ளே அழுத்தம் 0.9ஐத் தாண்டும்போது ஸ்பிரிங் அமுங்க, ரப்பர் வளையம் சற்றே எழும்பி, மிகுதியான நீரைப் பக்கவாட்டுக் குழாய் வழியாக ரிசர்வ் டாங்குக்கு அனுப்புகிறது. இது மாதமொரு முறை நேரும் விபத்து அன்று. நன்றாகச் சூடேறும் பயணங்களில் இயல்பாகவே நடப்பது. ஏனெனில் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாகும் நீர் தன் கனஅளவில் ஏறக்குறைய 3 விழுக்காடு பெருகுகிறது; ஐந்து லிட்டருக்கு அது 150 மில்லிலிட்டர், கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் கூடுதல்.

ரப்பர் வளையத்தின் நடுவில் நாணயத்தைவிடச் சிறிய இன்னொரு வால்வு தொங்குகிறது. என்ஜினை நிறுத்திய பின் நீர் குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழ்கிறது. அப்போது இந்தச் சிறு வால்வு கீழ்நோக்கித் திறந்து, ரிசர்வ் டாங்குக்குப் போன நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் டாங்கின் நீர்மட்டம் தாழ்ந்தும் பயணம் முடிந்தபின் உயர்ந்தும் தெரிவது இந்த இருவழிப் போக்குவரத்தால்தான். இந்த ஏற்பாட்டின் நேர்த்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை: ஒரே மூடி, இரு திசைகளில், இரு வேறு அழுத்தங்களில் திறக்கிறது, மின்சாரமோ கணினியோ எதுவும் அதற்குத் தேவையில்லை.

மூடி பழுதானால் அதன் அடையாளங்களும் இந்த அமைப்பிலிருந்தே புரியும். பெரிய ரப்பர் வளையம் கெட்டியாகி வெடித்துவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ அழுத்தம் நிற்காது. ரிசர்வ் டாங்க் நிரம்பி வழிய, ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டே போகும், கார் மேட்டில் மட்டும் சூடேறிச் சமதரையில் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். சிறிய வால்வு துருவேறி அடைத்துக்கொண்டால், போன நீர் திரும்பாது. குளிர்ந்த காரில் ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸ் உட்புறமாக உறிஞ்சப்பட்டு ஒட்டிக் கிடக்கும். இந்தக் கடைசி அடையாளம் கண்ணால் பார்த்தவுடன் தெரிவது, எனினும் ஹோஸைத்தான் குறைசொல்லி மாற்றுகிறவர்கள் அதிகம். சில பத்து ரிங்கிட்டில் கிடைக்கும் மூடியை முதலில் சோதிக்காமல் பம்பையும் ரேடியேட்டரையும் கழற்றுவது நியாயமான வரிசை ஆகாது. 0.9 மூடிக்குப் பதில் 1.1 மூடியைப் போட்டால் சூடு தணியும் என்ற நம்பிக்கையும் தவறானது. மூடி வெப்பத்தைக் குறைப்பதில்லை, கொதிப்பின் எல்லையைத்தான் உயர்த்துகிறது, அந்தக் கூடுதல் அழுத்தமோ பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பில்தான் முதலில் வெடிப்பைக் காட்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பெரும்பாலான மூடிகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். 118 பாகையில், அழுத்தத்தின்கீழ் கொதிக்காமல் இருக்கும் ஒரு லிட்டர் நீரின் மேலிருந்து அழுத்தம் திடீரென நீங்கினால், அந்த நீர் உடனே 100 பாகைக்கு இறங்கியாக வேண்டும். அந்த 18 பாகைக்குரிய வெப்பம் 76 கிலோஜூல்; ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் தேவையென்பதால், அந்த வெப்பம் ஏறக்குறைய 33 கிராம் நீரை ஆவியாக்கிவிடும். 33 கிராம் ஆவி அடைக்கும் இடமோ ஐம்பது லிட்டருக்கும் மேல். ஒரு லிட்டர் நீரிலிருந்து நொடிப்பொழுதில் ஐம்பது லிட்டர் ஆவி எழும்பும்போது, மீதமுள்ள கொதிநீரையும் அது தன்னோடு தூக்கி எறிகிறது. திறந்தவரின் முகமும் கையும் நேர் எதிரே இருக்கின்றன. மூடியைக் கால்சுற்றுத் திருப்பியதும் ஒரு தடுப்பில் நிற்கும்படி கழுத்து வெட்டப்பட்டிருப்பது, மிஞ்சிய அழுத்தம் பக்கக் குழாய் வழியே போகட்டும் என்பதற்காக மட்டுமே. சூடாக இருக்கையிலேயே திறந்துகொள்ளலாம் என்ற அனுமதி அதில் இல்லை. மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறி, அழுத்தினால் தளர்வாக அமுங்கிய பிறகே மூடியில் கைவைக்க வேண்டும்.

பனி உறையாத நாட்டில் கூலண்ட் எதற்கு, குழாய்த் தண்ணீரே போதுமே என்ற எண்ணம் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் வேரூன்றியிருக்கிறது. கூலண்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்கால் உறைநிலையைத் தாழ்த்துவதற்காகவே முதலில் சேர்க்கப்பட்டது என்பது உண்மைதான். ஆயினும் வெப்பமண்டலத்தில் அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது அதனுடன் கரைந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், அலுமினிய ரேடியேட்டர் ஆகியவை ஒரே நீரில் நனையும்போது, அந்த நீர் மின்னைக் கடத்துமானால், அங்கே ஒரு மின்கலமே உருவாகி, வினைத்திறன் மிகுந்த உலோகமான அலுமினியம் கரையத் தொடங்குகிறது. குழாய்நீரின் குளோரைடு அதற்குத் துணைபோகிறது. பழுப்பு நிறமாகி வரும் ரேடியேட்டர் நீர் என்ஜினின் உட்சுவரே துருவாகக் கரைந்து வருவதன் சாட்சி. மறுபுறம், கூலண்டை நீர் கலக்காமல் முழுதாக ஊற்றுவதும் பிழைதான், ஏனெனில் வெறும் கிளைக்கால் நீர் சுமக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டைத்தான் சுமக்கும். உற்பத்தியாளர் சொல்லும் விகிதத்தில், காய்ச்சி வடித்த நீரோடு கலப்பதே முறை; வெவ்வேறு தடுப்பான் வகைகளைச் சேர்ந்த கூலண்டுகளை நிறத்தை மட்டும் நம்பி ஒன்றாகக் கலக்காமல் இருப்பதும் அவ்வளவே தேவையானது.

வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இதே நம்பிக்கையின் இன்னொரு கிளை. தெர்மோஸ்டாட்டின் பித்தளைக் குப்பிக்குள் இருக்கும் மெழுகு, 82 அல்லது 88 பாகை போன்ற குறித்த வெப்பநிலையில் உருகி, பத்து விழுக்காட்டுக்கும் மேல் பெருத்து, ஒரு தண்டைத் தள்ளி வழியைத் திறக்கிறது. அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவில் பதமான சூட்டை எட்டுகிறது. அதைக் கழற்றிவிட்டால் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், எண்ணெயில் ஈரம் தங்கிக் கசடு சேரும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே உட்சுற்றுக் குழாயை மூடவும் செய்கிறது; அதை அகற்றியதும் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பிவிடுவதால், சூட்டைத் தணிக்கச் செய்த வேலையே மேட்டில் சூட்டைக் கூட்டிவிடுகிறது.

ரப்பர் ஹோஸ்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வது, பால்மரத்தோடு வாழ்ந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தவருக்கு உரியது. பால்மரத்தின் பாலில் உள்ள நெடுமூலக்கூறுச் சங்கிலிகளில் இடைவிடாது இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. கந்தகம் அவற்றில் பற்றிக்கொள்வதால்தான் ரப்பர் உறுதியாகிறது, ஆனால் மிஞ்சிய பிணைப்புகளை ஓசோனும் ஆக்சிஜனும் சூட்டில் தாக்கி அறுப்பதால்தான் அது வெடித்துப்போகிறது. ஆகவே 100 பாகைச் சூட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும் வேலைக்கு இயற்கை ரப்பர் ஒத்துவரவில்லை. இன்றைய ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் எத்திலீனையும் புரோப்பிலீனையும் இணைத்துச் செய்யும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் ஆனவை, அதன் முதன்மைச் சங்கிலியில் அத்தகைய இரட்டைப் பிணைப்புகள் இல்லை. அதற்கும் ஒரு பகை உண்டு: என்ஜின் எண்ணெய் பட்டால் அது ஊறிப் பருத்து வலுவிழக்கும். வால்வு மூடியிலிருந்து எண்ணெய் கசியும் பழைய காரில், எண்ணெய் சொட்டும் இடத்தில் ஹோஸ் பஞ்சுபோல் மென்மையாகிவிட்டதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பதும், கிளிப் இறுகும் நுனிகளில் வெடிப்புண்டா என்று வளைத்துப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை.

செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளில் ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே தூசியும் பூச்சிகளும் அப்பிக் காற்றை மறிக்கின்றன; கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட சந்தில் சேரும் மண் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. மெல்லிய நீரோட்டத்தை என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பாய்ச்சிக் கழுவினால் அது வந்த வழியே வெளியேறும். உயர் அழுத்தப் பீய்ச்சல் இதழ்களை வளைத்துவிடும். ஏர்கானைப் போட்டதும் ஃபேன் சுழல்கிறதா என்று கவனிப்பதும் இதனோடு சேர்ந்தது, ஏனெனில் பண்டிகைக் காலத்தில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் நீலாய்க்கும் செனாவாங்குக்கும் இடையே நிற்கும் வரிசையில், காற்றைத் தருவது அந்த ஃபேன் ஒன்றுதான்.

அங்கே வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தால், அல்லது முள் இல்லாத சிறு கார்களில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஏர்கானை நிறுத்திப் பாதுகாப்பாக ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள் என்று வெளிநாட்டு நூல்கள் சொல்லும் வழி இங்கே பலருக்கு உதவாது, மலேசியச் சந்தைக்கான சிறு கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. நீர் முற்றும் வெளியேறிவிட்டால் உணரி ஆவியில் தொங்கிக்கொண்டு குறைந்த சூட்டைக் காட்டவும் கூடும் என்பதால், முள் திடீரெனத் தாழ்வதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் சற்றுதூரம்தானே என்று ஓட்டுவதன் விலை பெரிது: 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 100 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீள்கிறது, அதன்கீழ் உள்ள இரும்பு பிளாக் அதில் பாதியளவே நீள்கிறது. இரண்டுக்கும் இடையே இருந்து இயல்பான சூட்டில் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும் கேஸ்கெட், அளவு மீறும்போது நசுங்கிக் கிழிய, ஹெட் வளைந்துவிடுகிறது. எண்ணெய்க் கோலில் இளம்பழுப்புக் கூழ் ஒட்டி வந்தால் நீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்று அறியலாம். கொதிக்கும் என்ஜினில் குளிர்நீரை ஊற்றுவதும் அதே வளைவையோ விரிசலையோ உண்டாக்கும்.

மூடியைச் சோதிக்கப் பட்டறைகளில் அளவுமானி பொருத்திய கைப்பம்பு இருக்கும்; மூடியை அதில் மாட்டி அழுத்தம் ஏற்றினால், பொறித்த எண்ணுக்கு அருகில் அது திறக்க வேண்டும், அதற்குக் கீழே முள் அசையாமல் நிற்க வேண்டும். அதே பம்பை ரேடியேட்டரின் கழுத்தில் பொருத்தி, ஆறிய என்ஜினில் 0.9 வரை ஏற்றிச் சில நிமிடம் விட்டுப் பார்த்தால், வெளியே சொட்டாத கசிவுகூட முள்ளின் இறக்கத்தில் அகப்படும். நீரை மாற்றும்போது மூடியைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழாக வெளியேறிய பின் நிரப்பி மூடினால்தான் ஹெட்டில் காற்றுக்குமிழ் தங்காது. வடித்தெடுத்த பழைய கூலண்டை வீட்டு முற்றத்திலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, நாயும் பூனையும் நக்கிவிடும், நூறு மில்லிலிட்டர் அளவே ஒரு மனிதரின் உயிரைப் பறிக்கப் போதுமானது. மூடியிட்ட கலத்தில் அடைத்து, பயன்படுத்திய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் பட்டறையிடமே அதையும் ஒப்படைக்க வேண்டும்.